மூச்சை அடக்குவதும் அடக்காதிருப்பதும்

சென்ற தீபாவளி விடுமுறையில் அந்தமான் சென்று மீண்ட அன்பர் ஒருவர், சங்கக் கூட்டத்தில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். காற்றுருளையை முதுகில் தாங்கி, 12 மீட்டர் ஆழத்திலுள்ள பவளப்பாறைகளைக் கண்டு வந்தவர் அவர். "அங்கே கற்பித்த முதற்பாடம், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது. எங்கள் பாட்டனாரோ தூத்துக்குடியில் மூச்சை அடக்கியே முத்துக் குளித்தவர். இவற்றுள் எது சரி?" என்றார். இரண்டும் சரியே. எங்ஙனம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

கொற்கை முத்தின் புகழை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் உள்ளவை. ஒரு பாகம் என்பது ஏறத்தாழ ஆறு அடி. குளியாள் கனத்த கல்லொன்றைக் கட்டிய கயிற்றில் காலைப் பொருத்தி, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளையெல்லாம் வாரிப் பையிலிட்டுக் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் உடனே மேலே இழுத்துவிட வேண்டும். அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பது வழக்கம் என்பர். தன் உடன்பிறந்தாளின் தாலிக்கு அவனினும் சிறந்த காவலன் யார்? தூத்துக்குடியில் 1955 தொடங்கி 1961 வரை நடந்த சலாபங்களே அங்கு இறுதியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு. நம் அன்பரின் பாட்டனார் குளித்ததும் அக்காலத்தில்தான்.

இனி நீரின் அமுக்கத்தைக் காண்போம். கடல் மட்டத்தில் காற்று நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. கடலில் இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அதே அளவு அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் இரட்டித்தால் காற்றின் பருமன் பாதியாகும். இது 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. ஆகவே, மேலே 6 லிட்டர் காற்றை நிரப்பிச் சென்றவரின் நுரையீரலில் 10 மீட்டரில் 3 லிட்டரும், 20 மீட்டரில் 2 லிட்டருமே இருக்கும். மேலே வருகையில் அது மீண்டும் 6 லிட்டராக விரியும்; அதற்குமேல் விரியாது. பாட்டனாரின் நுரையீரல் வெடிக்காமல் இருந்தமைக்கு இதுவே காரணம்.

அதற்காக அது அபாயமற்ற கலை என்று எண்ணிவிடலாகாது. நீச்சற்குளங்களில் நம் சிறுவர்கள், வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் பந்தயம் போடுகிறார்கள். அவ்வாறு செய்தால் கரியமில வாயு குறைந்து, மூச்சு விடவேண்டும் என்னும் உணர்வு தாமதமாகிறது. அதற்குள் பிராணவாயு தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பும். பெற்றோர் இதைத் தடுக்க வேண்டும்.

நாணற்குழல் ஒன்றை மேலே நீட்டிக்கொண்டு ஆழத்தில் சுவாசிக்கலாகாதா என்று குழந்தைகள் கேட்பதுண்டு. ஒரு மீட்டர் ஆழத்திலேயே மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நீர் 100 கிராம் கூடுதலாக அழுத்துகிறது. குழல்வழி வரும் காற்றுக்கோ அந்தக் கூடுதல் அமுக்கம் இல்லை. மார்பை விரிக்க நம் தசைகளால் இயலாது. நம் தில்லிக்கு வடக்கே குருக்ஷேத்திரத்தில், மடுவினுள் ஒளிந்த துரியோதனனுக்கு ஜலஸ்தம்பன வித்தை தேவைப்பட்டது வியப்பன்று!

பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் காஞ்யானும் 1943-ல் அமைத்த சாதனம் இவ்விடரைத் தீர்த்தது. சுற்றியுள்ள நீரின் அமுக்கம் எவ்வளவோ, அதே அமுக்கத்தில் உருளையின் காற்றை அது வாய்க்கு வழங்குகிறது. எனவே 20 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சில் மூன்று மூச்சுக் காற்று அடங்கியுள்ளது. மேலே ஒரு மணி நேரம் வரக்கூடிய காற்று அங்கே 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அன்றியும், அங்கே 6 லிட்டர் நிரப்பியவர் மூச்சை அடக்கியபடி மேலேறினால் அது 18 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் கிழியும், காற்றுக் குமிழ்கள் இரத்தத்தில் கலந்து மூளையை எட்டும். ஓரிரு மீட்டர் ஏற்றத்திலும் இது நேரக்கூடும். மூச்சை அடக்காதே என்னும் பாடத்தின் பொருள் இதுவே.

மற்றோர் அபாயமும் உண்டு. அமுக்கக் காற்றிலுள்ள நைட்ரஜன், நேரம் ஆக ஆக உடலில் கரைகிறது. விரைந்து மேலேறினால், கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் நுரைத்தெழுவது போல், அது குமிழ்களாக வெளிப்படும். மூட்டுவலி, மரமரப்பு, சில வேளைகளில் கைகால் வாதமும் உண்டாகும். ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஆடுகளை அமுக்க அறையில் வைத்து ஆராய்ந்து, படிப்படியாக மேலேறும் முறையை 1908-ல் வகுத்தளித்தார்.

தில்லிவாசிகளுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பறக்கும் விமானத்தினுள் காற்றமுக்கம் தரையில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையக்கூடும். எஞ்சிய நைட்ரஜன் அங்கேயும் குமிழாகலாம். ஒரே முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. நம் அன்பர் காலையில் மூழ்கி மாலையே புறப்பட எண்ணியிருந்தாராம். பயிற்சியாளர் தடுத்து மறுநாளைக்கு மாற்றச் செய்தார். வாழ்க அப்பயிற்சியாளர்!

சுற்றுலா செல்வோர்க்கேனும் இவ்வாறு சொல்வோர் உண்டு. தூத்துக்குடியில் சங்கு குளிப்போரிலும், இலங்கையின் வடகரையில் சங்கும் கடலட்டையும் எடுப்போரிலும், முறையான பயிற்சியின்றியே காற்றுருளையுடன் இறங்குவோர் இருக்கின்றனர். முன்னோரின் மூச்சடக்கும் பழக்கம் கையோடு வந்திருக்க, கருவி மட்டும் மாறிவிட்டது. ஒரு நாளில் பலமுறை இறங்கி, பிழைப்பின் அவசரத்தில் விரைந்தேறுகிறார்கள். கால் மரத்தால் களைப்பு என்று படுத்துவிடுகிறார்கள். வலி தீருமென்று மீண்டும் கடலில் இறங்குவோரும் உண்டு. அது பெருந்தவறு. நோயாளியைப் படுக்கவைத்துப் பிராணவாயு கொடுத்து, அமுக்க அறையுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்வளவும் கேட்ட அன்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். அவருடைய சிற்றப்பா மகன் இப்போதும் உருளை கட்டிச் சங்கு குளிக்கிறானாம். சென்ற மாதம் முழங்கை வலிக்கிறது என்று தைலம் கேட்டிருந்தானாம். கூட்டம் முடியுமுன்பே அவர் எழுந்து, தொலைபேசியும் கையுமாக வெளியே சென்றார்.