ஓசூர் பகுதியில் கோடைக்கால வீடு விற்பனை

ஓசூர் பகுதியில் கோடைக்கால வீடு விற்பனை என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் மாநகராட்சியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடைபெறும் வீடு, மனை விற்பனையைக் குறிக்கும். ஆண்டின் மற்ற மாதங்களைவிட இக்காலத்தில் வீடு தேடுவோர் அதிகம். வீட்டின் குறைகள், குறிப்பாகத் தண்ணீர்க் குறை, வெளிப்படும் காலமும் இதுவே.

பின்னணி

ஓசூர் கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், தேசிய நெடுஞ்சாலை 44-இல் அமைந்துள்ளது. 1970-களில் இங்கு சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆகிய ஆலைகள் இயங்கத் தொடங்கின. தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. அண்மைக் காலத்தில் மின்சார வாகன ஆலைகளும் மின்னணு உதிரிப்பாக ஆலைகளும் இம்மாவட்டத்துக்கு வந்துள்ளன.

வீடு வாங்குவோர்

இங்கு வீடு வாங்குவோரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆலைகளில் நிலையான வேலையில் இருப்பவர்கள் முதல் வகை. இவர்கள் வங்கிக் கடனை நம்பியே வாங்குகின்றனர். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பகுதிகளில் வேலை செய்துகொண்டு பெங்களூரின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் இரண்டாம் வகை. பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டு 10 அன்று பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது இவர்களுக்கு வசதியாக அமைந்தது. வாடகை வருமானத்துக்காகவோ விலையேற்றத்தை எதிர்பார்த்தோ வாங்குபவர்கள் மூன்றாம் வகை.

கோடையில் விற்பனை கூடுவதற்கான காரணங்கள்

பள்ளி விடுமுறை முக்கியக் காரணம். ஜூனில் பள்ளி திறக்கும் முன் குடிபெயர விரும்பும் குடும்பங்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் வீடு பார்க்கின்றன. இவை கிரகப்பிரவேசத்துக்கு உகந்த மாதங்களாகவும் கருதப்படுகின்றன.

இப்பகுதிக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. தமிழர்கள் ஆடி மாதத்தில் வீடு வாங்குவதைத் தவிர்ப்பது வழக்கம். கன்னட, தெலுங்குக் குடும்பங்கள் ஆஷாட மாதத்தைத் தவிர்க்கின்றன. சந்திர நாட்காட்டியின்படி அமையும் ஆஷாடம் பெரும்பாலும் ஆடிக்கு முன்பாகவே, ஜூன் பிற்பகுதியிலோ ஜூலையிலோ தொடங்கிவிடும். மூன்று மொழியினரும் வாழும் ஓசூரில் இதனால் மந்தமான காலம் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நீள்கிறது. ஆகவே ஜூன் நடுப்பகுதிக்குள் பத்திரப்பதிவை முடிக்க விரும்புபவர் மார்ச் மாதமே ஆவணங்களைத் தயார் செய்யத் தொடங்குவது நல்லது.

தண்ணீர்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்ட பின்னரும் பல குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் சார்ந்துள்ளன. 2024-இல் பெங்களூரில் ஏற்பட்ட தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பின், அங்கிருந்து வருவோர் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றியே. கிணற்றின் ஆழம், மோட்டார் ஓடும் நேரம், தொட்டியின் கொள்ளளவு, குடிநீர் இணைப்பின் ரசீது ஆகியவற்றை விற்பவர் எழுதி வைத்திருக்கலாம். மே மாதத்தில் மோட்டாரை ஓட்டிக் காட்ட முடிந்தால் அதுவே வலுவான சான்று. தண்ணீர் குறைவாக இருந்தால் அதை முன்பே கூறி விலையில் சரிசெய்வது நல்லது. முன்பணம் கொடுத்த பின் குறை தெரிந்தால் பேரம் முறிவதோடு வழக்காகவும் மாறலாம்.

ஆவணங்கள்

தாய்ப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்றிதழ், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி மற்றும் மின்கட்டண ரசீதுகள் ஆகியவை அடிப்படையானவை. வாரிசுச் சொத்தாயின் வாரிசுச் சான்றிதழும் அனைத்து வாரிசுகளின் கையொப்பமும் தேவை.

மனை அங்கீகாரம் முக்கியமானது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்காக 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை செய்யப்படாத மனையில் உள்ள வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். அனுமதி பெறாமல் கூடுதலாகக் கட்டிய மாடிக்கும் இதே நிலைதான்.

வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வீடு ஒத்திக்கு விடப்பட்டிருந்தால், திருப்பித் தர வேண்டிய தொகையை எவ்வாறு தீர்ப்பது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுவது பாதுகாப்பு.

விலையும் செலவுகளும்

தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 4 விழுக்காடாக இருந்த பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே வேளையில் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. எடுத்துக்காட்டாக, 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வாங்குபவர் 4.2 லட்சம் தீர்வையும் 1.2 லட்சம் கட்டணமும் செலுத்த வேண்டும். வாங்குபவர் தம் கையிருப்பைக் கணக்கிடும்போது இந்த 5.4 லட்சத்தையும் சேர்த்தே கணக்கிடுவார் என்பதை விற்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால், வாங்குபவர் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்துவார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாயின், பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்ற முறையில் கணக்கிட்டு, இரண்டில் குறைவான வரியைச் செலுத்தலாம். இலாபத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினால் விலக்குப் பெறவும் வழியுண்டு. முன்பணத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவது தண்டனைக்குரியது.

அறிவிப்புகளும் விலை எதிர்பார்ப்பும்

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். இதையொட்டி நில விலை குறித்த எதிர்பார்ப்பு உயர்ந்தது. ஆனால் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தின்படி, 2033 வரை 150 கி.மீ. சுற்றளவில் புதிய விமான நிலையத்துக்குக் கட்டுப்பாடு உள்ளது. வங்கியின் மதிப்பீட்டாளரும் வருங்கால அறிவிப்பை அன்றி, அதே தெருவில் அண்மையில் பதிவான விலையையே பார்க்கிறார். விற்பவர் கேட்கும் விலை அந்த மதிப்பீட்டைவிட மிக அதிகமாக இருந்தால், கடன் போக மீதியைத் திரட்ட முடியாமல் சம்பளக்காரர் விலகிவிடுவார். கோடையில் விற்காத வீடு ஆவணி வரை காத்திருக்க நேரிடும். அவசரத் தேவை உள்ள குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பின் வட்டியும் ஒரு செலவாகும்.