நம்ம மலையை நாமும் சுற்றிப் பார்ப்போம்



எல்ல புகையிரத நிலையத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் ஒரு பெரிய பை, கையில் ஒரு கெமரா. கடல் தாண்டி, காசு செலவழித்து வந்து, நம்ம கொழுந்து மலையை நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பசறையிலும் லுணுகலையிலும் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைக் கலண்டரில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பதுளை டவுனிலிருந்து அது நாலைந்து மைல் தூரம்கூட இல்லை.

இப்போது அந்த நிலைமை கொஞ்சம் மாறிவருகிறது. போயா லீவுக்கும் தீபாவளி முடிந்த கையோடும் லயத்துப் பிள்ளைகள் சேர்ந்து வேன் பிடித்துக் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்று நமக்கு விளங்கவில்லை. கொழுந்து மலையில் கால் வைக்கும் முன் குளவிக்கூடு இருக்கா, பாம்பு இருக்கா, மழை வருமா என்று நாலு பக்கமும் பார்க்கும் ஆட்கள், ட்ரிப் போன இடத்தில் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனோம். கொஸ்லந்தவுக்கும் வெல்லவாயவுக்கும் இடையில், ரோட்டிலிருந்தே தெரியும் நீர்வீழ்ச்சி அது. 220 மீட்டர் உயரம். நம்ம ஹல்துமுல்ல பக்கத்து பம்பரக்கந்த 263 மீட்டர். அதற்கு அடுத்தபடி நாட்டிலேயே உயரமானது தியலும. பெடியன்மார் மேலே போய்க் குளிக்க வேண்டும் என்றார்கள். பூனாகலைப் பக்கமாகப் போய் நடந்தால், விழும் இடத்துக்கு மேலே பாறைக் குழிகளில் குளம் மாதிரித் தண்ணி நிற்கும். போனோம். நல்ல வெயில். பிள்ளைகள் தண்ணியில், பெண்கள் கரையில் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு பாட்டி, நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர், சும்மா உட்கார்ந்து தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழும்பி, "தண்ணி நெறம் மாறுது, புள்ளைகள வெளிய எடுங்க" என்று சத்தம் போட்டார். வெயிலடிக்குதே பாட்டி என்று ஒருவர் சிரித்தார். பாட்டி விடவில்லை. பிள்ளைகளை இழுத்துக் கரையேற்றிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அவர்கள் உட்கார்ந்திருந்த கல் தண்ணிக்குள்ளே போய்விட்டது. செம்மண் கலந்த தண்ணி, குப்பை, சருகு எல்லாம் அடித்துக்கொண்டு வந்தது. மேலே பூனாகலை மலையில் பெய்த மழை அது. நமக்கு ஒரு துளிகூட விழவில்லை. அன்றைக்கு அந்த ட்ரிப்புக்குப் பொறுப்பாக இருந்தது நாங்கள்தான். கவனித்தது பாட்டி. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

ஆகவே எந்த நீர்வீழ்ச்சிக்குப் போனாலும் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஆறு வரும் மலையையும் பாருங்கள். தண்ணி கலங்கினால், சத்தம் கூடினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சாமானை விட்டுவிட்டு ஆட்களோடு மேடான கரைக்கு ஏறுங்கள். நடுக்கல்லில் யாரையும் உட்கார விடாதீர்கள். குளிக்க வேண்டாம் என்று பலகை போட்டிருந்தால், அது ஏற்கெனவே யாரோ போன இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு இறங்குபவரைப் பற்றி என்ன சொல்ல! நீச்சல் தெரிந்தவரும் பாசி பிடித்த பாறையில் வழுக்கினால் ஒன்றுதான்.

போகும் காலமும் முக்கியம். ஆனி முதல் ஆவணி வரை ஊவாவில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும். நம்ம தேயிலைக்கு வாசம் கொடுத்து உலகமெல்லாம் பேர் வாங்கிக் கொடுக்கிற காற்று அதுதான். அப்போது பாதை காய்ந்திருக்கும், நீர்வீழ்ச்சியில் தண்ணி குறைவு. ஒக்டோபருக்குப் பிறகு தண்ணி அழகாக விழும், ஆனால் பாதை வழுக்கும், அட்டையும் கூடும். (அட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க நாங்கள் யார்!) மண்சரிவை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டிருந்தால் அந்தக் கிழமை ட்ரிப் வேண்டாம்.

அடுத்தது குளவி. பாறை விளிம்பிலும் உயர்ந்த மரத்திலும் தொங்கும் பெரிய தேன்கூட்டையும் நாம் குளவி என்றுதான் சொல்கிறோம். அதன் கீழே நெருப்பு மூட்டிச் சமைப்பதும், கல் எறிவதும், பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அலற விடுவதும் வினையை விலைக்கு வாங்குகிற வேலை. கிளம்பினால் கையை வீசாமல், சேலையாலோ சாக்காலோ முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடுங்கள். தண்ணிக்குள் குதிக்க வேண்டாம். நிறையக் கொட்டு வாங்கியவரையும் மூச்சு இளைப்பவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்று அடித்தால் அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும்.

மிருகம், பறவை பார்க்க ஆசையுள்ளவர்கள் ஹோட்டன் சமவெளிக்குப் போகலாம். ஒஹிய ஸ்டேஷனிலிருந்து ஏறினால் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து தண்ணி போகிறது. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். விடியும்போதே வாசலில் நிற்க வேண்டும், ஏனென்றால் ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி வந்து உலக முடிவை மறைத்துவிடும். பிறகு போய் நின்றால் வெள்ளைச் சீலை விரித்த மாதிரித்தான் தெரியும். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, அதற்காக அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். வாசலில் பொலித்தீனைப் பறித்து வைப்பார்கள், கோபப்படாதீர்கள். மரை உப்பு வாசத்துக்கு லஞ்ச் சீட்டையே தின்றுவிடும், அது வயிற்றில் அடைத்துச் சாகும். சாப்பாட்டை வாழை இலையில் கட்டுங்கள், நம்ம வழக்கமும் அதுதானே. மரை கிட்ட வந்து நின்றாலும் பிஸ்கட் நீட்ட வேண்டாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தங்கமலைக் காடு இருக்கிறது. பேரே நம்ம பேர். நீல உடம்பும் சிவப்பு அலகும் உள்ள ஒரு பறவை உண்டு, சிங்களத்தில் கெஹிபெல்லா என்பார்கள். உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. மலையகக் காட்டில் அதைக் காண வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு, மங்கலான உடுப்புப் போட்டு, மெதுவாக நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது கஷ்டம்தான். ஆனால் ஒருதரம் கண்டுவிட்டால் பிறகு அவர்களே நம்மை அதட்டி அமைதியாக்குவார்கள்.

ஆடியில் கதிர்காமம் போகாத குடும்பம் நம்மில் குறைவு. புத்தள வழியாகப் போகும்போது ரோட்டோரத்தில் யானை நிற்கும். பிள்ளையார் என்று கும்பிட்டு வாழைப்பழம் போடுகிறோம். போட்டுப் போட்டே அவை வாகனத்தை மறிக்கப் பழகிவிட்டன. கொடுக்காத வாகனத்துக்குள் தும்பிக்கை நுழைகிறது. கும்பிடுவதைக் கையால் கும்பிடுங்கள், கண்ணாடியைத் திறக்காமல். யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், இறங்காதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள்.

தோட்டத்திலேயே புலி வருவதுண்டு. நாம் புலி என்பது சிறுத்தையை. கண்டால் ஆளைச் சேர்த்து விரட்டுவதும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போவதும் வேண்டாம், அது போக வழி விட்டு நில்லுங்கள். பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் மாட்டுவது பல நேரம் அதுதான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மாட்டிய ஒரு கருஞ்சிறுத்தை, காப்பாற்றிக் கொண்டுபோயும் செத்துப்போனது.

கடைசியாக ரோடும் ரயிலும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய ரோட்டில் சுற்றுலா வந்த ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். அந்த இறக்கத்தில் சின்ன கியரில் வரும் டிரைவர்தான் நமக்கு வேண்டும். அவருக்கு முதலில் சோறு போட்டு ஒரு மணித்தியாலம் படுக்க விடுங்கள், இருட்டுவதற்குள் திரும்புங்கள், லொறியில் ஆளை அடைக்காதீர்கள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதை நிறுத்துங்கள், வளைவில் ரயில் வருவது தெரியாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த திட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை நிறைய இடத்தில் உடைந்தது. ஆகவே ரயிலில் போகிறவர்கள் முதல் நாளே ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ட்ரிப் போகும் குழு, போகும் ஆட்களின் பேர், எந்த ரோட்டால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதி நலன்புரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். முதலுதவிப் பெட்டி கேட்டால் தருவோம், திரும்பி வந்ததும் ஒப்படைக்க வேண்டும். போன தடவை போன பெட்டி கத்தரிக்கோல் இல்லாமல் வந்திருக்கிறது. எடுத்தவர் தயவுசெய்து கொண்டுவந்து வைக்கவும்.