பழைய புடவையும் ஒரு குரோஷா ஊசியும்

கடையில் வாங்குகிற நூல்கண்டுக்கு ஒரு காகிதச் சுற்று உண்டு. என்ன நூல், எத்தனை கிராம், எந்த அளவு ஊசி, வெந்நீரில் போடலாமா கூடாதா என்றெல்லாம் அதில் அச்சிட்டிருப்பார்கள். பழைய புடவையையும் பனியனையும் கிழித்து நாம் வீட்டிலேயே தயார் செய்கிற நூலுக்கு அந்தக் காகிதம் கிடையாது. நூலிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது என்றால் வேறொன்றுமில்லை. கொஞ்சம் பின்னிப் பார்ப்பது, இழுத்துப் பார்ப்பது, துவைத்துப் பார்ப்பது.

"புத்தகத்தைப் பார்த்துப் போட்டேன், வரவே இல்லை" என்று ஊசியைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்ட சகோதரிகள் பலரை எனக்குத் தெரியும். வராதது அவர்கள் குற்றமில்லை. புத்தகம் கடை நூலுக்காக எழுதியது. கையில் இருப்பதோ இருபது வருஷம் துவைத்த சுங்குடிப் புடவை!

குரோஷாவில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் ஏறி நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் ஓடும். குரோஷாவில் ஊசியில் மிஞ்சி நிற்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசியை உருவிவிட்டு நுனியை இழுத்தால் சரசரவென்று பிரிந்து நூல் கைக்கு வந்துவிடும். பத்து தடவை பிரித்தாலும் நஷ்டம் நேரம் மட்டும்தான். துணி அப்படியல்ல. கத்தரி வைத்தது வைத்ததுதான். ஆகவே பின்னலில் எவ்வளவு தாராளமாக வேண்டுமானாலும் சோதனை செய்யுங்கள். துணியில் கருமியாக இருங்கள்.

முதல் கேள்வி, இது என்ன துணி என்பது. கடைக்காரர் 'காட்டன்' என்று கொடுத்ததெல்லாம் பருத்தி ஆகிவிடாது. ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். (பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத சமயமாகப் பார்த்து!) பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்குகிற நாற்றம் வீசும். கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். நைலான், பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணி போல நிற்கும்.

இதெல்லாம் எதற்கு என்றால், அடுப்பங்கரைக்காக. பழைய துணி நூலில் எல்லோரும் முதலில் போட ஆசைப்படுவது பிடிதுணிதான். உருகுகிற நூலில் பிடிதுணி போட்டால் காய்ந்த வாணலியின் காதைப் பிடித்த மாத்திரத்தில் அது இளகி விரலோடு ஒட்டிக்கொள்ளும். கலப்புத் துணியும் வேண்டாம். மணி விழுந்த துணியெல்லாம் கால்மிதிக்கும் பூச்சட்டி உறைக்கும் போகட்டும்.

அடுத்தது நாடா எடுப்பது. பருத்திப் புடவையை நீளவாக்கில் கிழித்தால் இழை பிடித்துக்கொண்டு நேராகவே வரும். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து இழுத்தால் போதும். ஜரிகைக் கரையை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், அது கையை அறுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 அங்குல அகலமும் ஐந்தரை மீட்டர் நீளமும் உள்ள ஒரு புடவை, 2 செ.மீ. நாடாவாக ஏறக்குறைய 300 மீட்டர் கொடுக்கும். ஒரு புடவை வீணாகக் கிடக்கிறதே என்று நினைக்கிறோம், அதற்குள் இத்தனை நூல் இருக்கிறது.

பனியன் துணியைக் கிழிக்க வராது, வெட்ட வேண்டும். அக்குளுக்குக் கீழே உள்ள பாகத்தைக் குறுக்குவாட்டில் வளையம் வளையமாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் தாமாகவே உள்பக்கம் சுருண்டு உருட்டிய கயிறு மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் தையல் இல்லாத பனியன் கிடைத்தால் யோகம். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, கட்டிங் வேஸ்ட் எடை போட்டே கிடைக்கும்.

நாடாக்களை முடிச்சுப் போட்டு இணைத்தால் கால்மிதியில் காலை உறுத்தும். அதற்கு ஒரு யுக்தி: இரண்டு நாடாக்களின் நுனியிலும் பொத்தான் துளை போலச் சின்னதாக ஒரு வெட்டு. பழைய நாடாவின் நுனியைப் புதியதன் துளைக்குள் நுழையுங்கள். பிறகு புதிய நாடாவின் மறு கோடியை எடுத்துப் பழையதன் துளைக்குள் விட்டு முழுவதும் இழுங்கள். முடிச்சில்லாமல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

எந்த ஊசி? பாட்டி காலத்து மேஜை விரிப்பு போட்ட மெல்லிய எஃகு ஊசி இதற்கு உதவாது. 2 செ.மீ. நாடாவுக்கு 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஊசி வேண்டும். நான் எப்போதும் ஒரே நாடாவில் இரண்டு ஊசியாலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு மாதிரி போட்டுப் பார்ப்பேன். பலகை போல விறைத்து நின்றால் கூடைக்கு நல்லது, ஆசனத்துக்கு ஆகாது. கண்ணிக்கு நடுவே விரல் நுழைந்தால் காய்கறிப் பைக்கு நல்லது. கெட்ட மாதிரி என்று ஒன்று கிடையாது, அது எதற்கு லாயக்கு என்பதுதான் கேள்வி. பார்த்த மாதிரியை அப்படியே துவைத்தும் விடுங்கள். துவைக்கும் முன்பும் பின்பும் அளந்து, நாடா அகலம், ஊசி அளவு எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதிலேயே கட்டிவைத்தால், கடைக்காரர் கொடுக்காத காகிதம் உங்கள் கையெழுத்தில் தயார்.

சாயம் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள். என் நம்பிக்கையெல்லாம் நனைத்த வெள்ளைத் துணியிடம்தான். மாதிரியை அதில் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

புத்தகத்தைப் பார்த்துப் போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்கிலாந்துப் புத்தகங்களில் 'டபிள்' என்று இருப்பதும் அமெரிக்கப் புத்தகங்களில் 'சிங்கிள்' என்று இருப்பதும் ஒரே பின்னல். அவர்களுடைய 'ட்ரெபிள்' இவர்களுக்கு 'டபிள்'. நம் பள்ளிக்கூடங்களில் தையல் டீச்சர்கள் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் இங்கிலாந்துக் கணக்கு. இப்போது கிடைக்கிற மாதிரிகளில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கணக்கு. படத்தில் உள்ள பின்னல் குட்டையா உயரமா என்று கவனியுங்கள், பெயர் எப்படியும் இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு.

வட்டமான கால்மிதிக்கு வருகிறேன். எங்கள் மாடி வீட்டு அக்கா போட்ட கால்மிதி நாலாவது சுற்றிலேயே கிண்ணம் மாதிரி மேலே எழும்பிவிட்டது. "என்னம்மா இது, தரையிலே படுக்கவே மாட்டேங்குது!" என்று தூக்கிக்கொண்டு வந்தார். காரணம் கணக்குதான். சிங்கிள் பின்னலில் 6 கண்ணியில் ஆரம்பித்தால் சுற்றுக்கு 6 கூட வேண்டும்: 6, 12, 18, 24. உயரமான டபிள் பின்னலானால் 12, 24, 36. இதற்குக் குறைந்தால் கிண்ணம். அதிகமானால் ஓரம் அப்பளம் பொரிந்தாற்போல் நெளியும். அக்காவோ பிரிக்கச் சம்மதிக்கவில்லை. கண்ணி கூட்டாமலே இன்னும் ஏழு சுற்று போட்டு வெங்காயக் கூடை ஆக்கிவிட்டார். அந்த வெற்றியில் பிறந்ததுதான் இப்போது அவர் வீட்டில் வரிசையாகத் தொங்கும் அத்தனை கூடைகளும்.

அப்பளம் போல நெளிகிறதே, அதைக்கூட அலட்சியமாக நினைக்க வேண்டாம். 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா என்ற பெண்மணி, வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக்கூட்டி இப்படி நெளிய வைத்துத்தான், காகிதத்தில் செய்தால் நைந்துபோகிற ஒரு வளைபரப்பை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி செய்து கொடுத்தார்!

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான சமாசாரம். என் நாத்தனார் முதல் பிரசவம் முடிந்து எங்கள் வீட்டில் இருந்தபோது, காலமான என் மாமியாரின் இரண்டு பருத்திப் புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். அரக்கு நிறம் ஒன்று, பச்சைக் கட்டம் ஒன்று. "அண்ணி, அரக்கைக் கிழிச்சுப் பாப்பாவுக்குப் போர்வையும் காலுறையும் போட்டுக் குடுங்க. பச்சையிலே தூளி கட்டப் போறேன்" என்றாள்.

காலுறை வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். கிழித்த நாடாவின் ஓரத்திலிருந்து இழைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பச்சைக் குழந்தையின் கால் விரலில் ஓர் இழை சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது. இறுக இறுக ரத்த ஓட்டம் நின்று விரலுக்கே ஆபத்தாகிவிடும். காரணம் தெரியாமல் பிள்ளை வீறிட்டு அழுதால் கை, கால் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இழை சுற்றியிருந்து எளிதில் வரவில்லையென்றால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். போர்வைக்கும் அதே ஆட்சேபணை. பால் கொடுக்க அவள் உட்காரும் நாற்காலிக்கு ஆசனம் போடுவது என்று முடிவானது.

ஆசனத்துக்குப் பச்சையையும் கொஞ்சம் கலந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. இரண்டிலும் கரையை ஒட்டி ஒரே ஒரு நாடா, நீளம் முழுக்க எடுத்தேன். முழம் முழமாகப் பிடித்து இழுத்தோம். அரக்கு தாங்கியது. பச்சையில் உள்தலைப்பு புதுசு போல இருந்தது. இடுப்பில் செருகிய பாகம் வெயிலே படாதது. ஆனால் நடுப்பாகத்துக்கு வந்ததும் 'பட்'. இன்னொரு முழம் தள்ளி மறுபடியும் 'பட்'. உட்கார்ந்து எழுந்து, துவைத்துப் பிழிந்து தேய்ந்த இடம் அது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அங்கே இழைகள் சல்லடையாகத் தெரிந்தன.

"தூளி எந்த இடத்திலே பிள்ளையைத் தாங்கும், சொல்லு?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா எங்க மூணு பேரையும் இதுலதான் போட்டு ஆட்டினாங்க, அண்ணி."

"அப்போ அது புதுப் புடவைடி."

நாடாவின் அறுந்த நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தம்பியை அனுப்பித் தூளிக்கென்று ஒரு புதுப் பருத்திப் புடவை வாங்கிவரச் சொன்னாள். அதையும் விட்டத்தில் கட்டி, பிள்ளையைப் போடும் முன் அரிசி மூட்டையை வைத்து நாங்கள் இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தோம் என்பது வேறு விஷயம்!

அரக்குப் புடவையில் பாதிக்குமேல் செலவாகி ஆசனம் முடிந்தது. 10 மில்லிமீட்டர் ஊசி, சிங்கிள் பின்னல், சுற்றுக்கு 6. பச்சைக் கட்டத்தைக் கிழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மடித்து மறுபடியும் பெட்டியில் வைத்திருக்கிறாள். கரையோரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் குறைவு.