படி தேய்ந்தால் என்ன செய்வது?

வீடு வாங்கும்போது நாம் சமையலறையைப் பார்க்கிறோம், தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்கிறோம், ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்று விசாரிக்கிறோம். மாடிப்படியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மும்பையிலும் அதன் புறநகர்களிலும் நம்மவர்கள் குடியிருக்கும் பழைய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டிடங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. பால் வாங்கவும், கோயிலுக்குப் போகவும், டாக்டரிடம் போகவும் அந்தப் படிகள்தான் வழி. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியமான விஷயம்.

ரயில்வேயில் கட்டிடப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். முதலில் எங்களை ஐ.ஓ.டபிள்யூ. என்பார்கள், பிறகு செக்‌ஷன் இன்ஜினீயர் என்று பெயர் மாறிற்று. வேலை மாறவில்லை. நடைமேடை, குவார்ட்டர்ஸ், நடை மேம்பாலத்துப் படிகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. அந்த அனுபவத்தில் படிகளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தேய்ந்த படியைவிட, அரைகுறையாகச் செப்பனிட்ட படி ஆபத்தானது.

இது விந்தையாகத் தோன்றலாம். காரணம் நம் காலில் இருக்கிறது. படி ஏறும்போது முதல் இரண்டு மூன்று படிகளைத்தான் நாம் கவனிக்கிறோம். அதற்குள் கால் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு விடுகிறது. பிறகு கண் எங்கோ பார்க்கும், வாய் பேசும், கால் தானாக ஏறும். பாதம் படியின் விளிம்பைத் தாண்டும்போது ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளிதான் விடுகிறது. ஆகவே பத்துப் படிகளில் ஒன்று மட்டும் சற்று உயர்ந்திருந்தால் கால் அதில் தட்டும். இறங்கும்போது ஒன்று மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தால் கால் வெற்று வெளியில் இறங்கும்.

நியூயார்க் நகரச் சுரங்க ரயிலில், புரூக்ளின் பகுதியிலுள்ள 36-வது தெரு நிலையப் படிகளை 2012-ல் ஒரு திரைப்படக் கலைஞர் படம் பிடித்தார். அங்கே ஒரே ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலத்துக்கும் குறைவான அளவே உயரமாக இருந்தது. வருபவர் போகிறவர் எல்லாம் அதே படியில் தடுக்குவதை அந்தப் படம் காட்டிற்று. அது பரவியதும் நிர்வாகம் படியைச் சரிசெய்தது. தடுக்கியவர்களில் இளைஞர்களும் உண்டு. அப்படியிருக்க, எழுபது வயதுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் கட்டிடத்துக்கு வருவோம். ஒவ்வொரு படியும் 165 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருட நடையில் எல்லாப் படிகளும் நடுவில் 12 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டன. எல்லாம் ஒன்றுபோலத் தேய்ந்திருப்பதால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரம் இன்னமும் 165-தான். பார்க்க அசிங்கமாக இருக்கும். மழைத் தண்ணீர் தேங்கும். ஆனால் கால் ஏமாறாது. இப்போது கமிட்டியார் மிஸ்திரியைக் கூப்பிட்டு, ரொம்ப மோசமான ஒரு படியை மட்டும் பழைய மட்டத்துக்குப் பூசச் சொல்கிறார்கள். அந்தப் படிக்கு ஏற 177, அடுத்ததற்கு ஏற 153. அடுத்தடுத்த இரண்டு படிகளுக்குள் 24 மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம்! தேய்மானம் செய்யாத கெடுதலைச் செப்பனிடல் செய்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் இதுதான் நடந்தது. இரண்டாவது மாடியில் ஒரு நண்பர். அவருடைய தாயார் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து அவரோடு இருந்தார். வயது எழுபத்தெட்டு. தினமும் காலையில் தானே இறங்கிப் போய்ப் பூ வாங்கி வருவார். ஒரு தீபாவளிக்கு முன் அந்தக் கட்டிடத்தில் அடுத்தடுத்த மூன்று படிகளை மட்டும் சிமெண்டால் பூசினார்கள். "கொஞ்சம் தாராளமாகவே போடு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்காம் நாள் அந்த அம்மாள் இறங்கும்போது விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

நண்பர் கேட்டுக்கொண்டதன்பேரில் நான் போய் அளந்து பார்த்தேன். மற்றப் படிகள் 165. பூசிய மூன்றில் மேல் படிக்கு இறங்க 142. கீழ்ப் படியிலிருந்து அடுத்ததற்கு இறங்க 188. அந்தக் கடைசி இறக்கத்தில்தான் அவர் விழுந்தார். அவரைப் பார்க்கப் போனபோது என்னிடம் சொன்னார்: "பழைய படி எனக்குப் பழகியிருந்துச்சு தம்பி. குழி எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியும். புதுசுதான் ஏமாத்திப்புடுச்சு." எந்த இன்ஜினீயரும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதன்பின் அவர் தாமாகப் படி இறங்கவே இல்லை. பூக்காரி மேலே வந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

இந்த ஆபத்தின் பெரிய அண்ணன் ஒன்று உண்டு. பழைய படிகளின்மேல் பளபளப்பான கிரானைட் பலகை ஒட்டுவது. இப்போது பல குடியிருப்புகளில் இது ஒரு மோகமாகிவிட்டது. கல் 20, அடியில் கலவை 25, ஆக 45 மில்லிமீட்டர் ஏறுகிறது. எல்லாப் படிக்கும் ஒன்றுபோலத்தானே ஏறுகிறது என்பார்கள். கீழ்த் தரையும் மேல் தளமும் ஏறவில்லையே! முதல் படி 165-லிருந்து 210 ஆகிவிடும். கடைசிப் படி 120 ஆகிவிடும். வீடுகளுக்குப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, கால் வைக்கும் அகலம் 250-க்குக் குறையக்கூடாது என்கிறது நேஷனல் பில்டிங் கோட். போதாக்குறைக்கு, மழைக்காலத்தில் ஈரச் செருப்போடு பாலிஷ் கல்லில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டாம்.

சரி, முறையாகச் செய்வது எப்படி?

முதலில் அளவெடுங்கள். இதற்கு இன்ஜினீயர் தேவையில்லை. ஒரு டேப், ஒரு ரசமட்டம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். படியின் பழைய உயரம் என்ன என்று யாரையும் கேட்க வேண்டாம். சுவரோரம் பாருங்கள். அங்கே யாரும் மிதிப்பதில்லை; அந்த மூலையில் கட்டிய நாளின் மட்டம் அப்படியே இருக்கும். ஒரு நேரான அலுமினியப் பட்டையைப் படியின் குறுக்கே சுவரோரத்திலிருந்து கைப்பிடி ஓரம் வரை வைத்தால், நடுவில் தெரியும் இடைவெளிதான் தேய்மானம். பிறகு சுவரோரமாகவே கீழ்ப்படியின் விளிம்பிலிருந்து மேல் தளத்தின் விளிம்பு வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். எல்லாப் படிகளின் மூக்கும் நூலைத் தொட வேண்டும். தொடாத படியும் நூலைத் தள்ளும் படியும் முன்பே யாரோ கைவைத்த படிகள்.

இரண்டாவது, தட்டிப் பாருங்கள். சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போனது பொத்தென்று ஒலிக்கும். அப்படியே படிக்கட்டின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே நீள வெடிப்போ, துருக்கறையோ, கம்பி வெளியே தெரிவதோ இருந்தால் அது மிஸ்திரி வேலை அல்ல. கடற்காற்றின் உப்பும், காற்றிலுள்ள கரியமில வாயுவும் கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. மேலே எவ்வளவு பூசினாலும் இது தீராது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளே, 15 முதல் 30 ஆண்டு வயதான கட்டிடங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும், 30 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் ஆடிட் செய்யச் சொல்கின்றன. அந்த ஆடிட்டில் படிக்கட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மேலே பூசாதீர்கள். வெட்டி எடுத்து நிரப்புங்கள். இதுதான் முழு ரகசியம். தேய்ந்த குழியின்மேல் மெல்லிசாகப் பூசினால் ஓரத்தில் அது அப்பளம்போல் மெலிந்து சில மாதங்களில் பெயர்ந்துவிடும். பழுதைச் சுற்றி மெஷினால் நேர்கோட்டில் கீறி, குறைந்தது 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி போகக் கழுவ வேண்டும். பழைய கான்கிரீட் நனைந்திருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் கலந்த சிமெண்டுப் பாலைப் பூசி, அது காய்வதற்குள், ஒன்றுக்கு மூன்று கலவையை அதே லேடெக்ஸ் சேர்த்து அழுத்தி நிரப்ப வேண்டும். முன்பக்கம் பலகை அடைத்தால்தான் மூக்கு நேராக வரும். மூக்கு பெரிதாக உடைந்திருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் முளைகளை எபாக்ஸி வைத்துப் பதித்து, அதைப் பிடித்துக்கொண்டு கலவை நிற்கும்படி செய்ய வேண்டும். மூக்கு ஏன் உடைகிறது என்கிறீர்களா? காலி கேஸ் சிலிண்டரைப் படிப்படியாகத் தட்டி இறக்குகிறார்களே, அதைக் கேட்டுப் பாருங்கள்!

மேற்பரப்பை மழமழவென்று தேய்க்க விடாதீர்கள். உலர்ந்த சிமெண்டைத் தூவி மெழுகுவது பார்க்க அழகு; ஆனால் வழுக்கும், பிறகு செதிலாக உரியும். துடைப்பத்தால் லேசாகக் கோடு இழுத்துவிட்டால் போதும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. சிமெண்ட். அதற்கு 10 நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வர வேண்டும்.

கல் படியானால் வேறு முறை. இங்கே அதிகம் இருப்பவை ராஜஸ்தானத்துக் கோட்டா கல், கர்நாடகத்து ஷாஹாபாத் கல். இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை, ஆகவே தேயும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரிக்கும். குழிந்த கல்லைப் பெயர்த்து, அடியிலுள்ள பழைய கலவையையும் முழுக்க நீக்கிவிட்டு, அதே கனமுள்ள புதுக் கல்லை அதே மட்டத்தில் பதிக்க வேண்டும். கல் போதிய கனமாக இருந்தால், அதையே திருப்பிப் போட்டு, தேயாத அடிப்பக்கத்தை மேலாக்குவது பழைய கொத்தனார்களின் சிக்கனமான வழி. குழியாமல் வழவழப்பாகி மட்டும் இருந்தால், விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று காடி வெட்டினாலே பிடிப்பு வந்துவிடும்.

நான்காவது, ஒரு தளத்திலிருந்து அடுத்த திருப்பம் வரை உள்ள எல்லாப் படிகளையும் ஒரே வேலையாகச் செய்யுங்கள். பணம் இல்லையென்றால் இந்த வருடம் ஒரு வரிசை, அடுத்த வருடம் அடுத்த வரிசை. ஒரு வரிசைக்குள் பாதி மட்டும் கூடாது. ஆட்கள் நடக்க வழி வேண்டுமே என்றால், ஸ்டேஷனில் நாங்கள் செய்வதுபோல அகலத்தில் பாதியைத் தடுத்துவிட்டு, மறுபாதியில் நடக்க விடலாம். வேலை முடியும்வரை நல்ல விளக்கும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் இருக்கட்டும். மழைக்கு முன் அவசரமாகச் செய்வதைவிட, தீபாவளிக்குப் பின் நிதானமாகச் செய்வது நல்லது. மிஸ்திரியிடம் "ஸப் ஸீடீ ஏக் பராபர் சாஹியே" என்று முதலிலேயே சொல்லி, முடிந்ததும் அவர் முன்னாலேயே அளந்து, பிறகு பணம் கொடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு, வழுக்காத மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு பட்டை. பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்கு இறங்கும்போது விளிம்பு மங்கித் தெரியும். இந்தப் பட்டை அவர்களுக்குக் கண் கொடுத்த மாதிரி. கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசினால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வாசலுக்குக் கிரானைட் என்றால் எல்லாக் கைகளும் உயரும். படிக்குப் பணம் என்றால், "நான் படியே ஏறுவதில்லையே" என்பார் தரைத்தளக்காரர். அவருக்கும் மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதைப் பார்க்க யாராவது ஏறத்தானே வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், அளந்து எழுதிய அந்த நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வையுங்கள். 165, 165, 142, 188 என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு அதை மறுத்துப் பேசுவது எளிதல்ல.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்த கையோடு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் படிக்கட்டுக்குப் போங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் ஒருவரை நூல் பிடிக்கச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலைதான்.