பெயர் வரிசை செய்த வேலை

“மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் குடிசைப் பகுதியைச் சுற்றிப் பார்த்தால் ஏழைகள்மீது இரக்கம் சுரக்குமாமே?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். சுரக்கலாம். கழற்றிய பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. இதைவிட உருப்படியான சான்று டெல்லிப் பள்ளிகளில் இருக்கிறது.

அரசிடம் சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 20 சதவீத இடங்களை ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று 2007இல் உத்தரவு வந்தது. பொருளியலாளர் கௌதம் ராவ் அங்குள்ள வசதியான பிள்ளைகளை ஆராய்ந்தார். ஏழைத் தோழர்களோடு படித்தவர்கள் தாராளமாகப் பகிர்ந்தார்கள். தன்னார்வப் பணிக்கும் கூடுதலாக வந்தார்கள்.

சரி, இளகிய மனமுள்ள பிள்ளைகளே ஏழைகளோடு ஒட்டியிருக்கலாமே? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரிப்பார்கள். ரோஹனுக்குப் பக்கத்தில் ரோஹித். அந்த ரோஹித் ஓட்டுநர் மகனா, தொழிலதிபர் மகனா என்பதை ரோஹன் தேர்ந்தெடுக்கவில்லை, ஆசிரியரும் தேர்ந்தெடுக்கவில்லை. பெற்றோர் பெயர் வைத்த அன்றே குலுக்கல் முடிந்துவிட்டது! ஏழைப் பிள்ளையோடு ஒரே குழுவில் விழுந்தவர்களிடம் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

பாலும் உறைமோரும் ஒரே அலமாரியில் இருந்தால் தயிராகாது, ஒரே பாத்திரத்தில் கலக்க வேண்டும். உறைந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது: ஏழை மாணவரை ஆண்டுவிழா மேடையேற்றிக் காட்டும் பள்ளிகள் கவனிக்க. கொஞ்சம் புளிக்கவும் செய்யும். வசதியான பிள்ளைகளின் ஆங்கில மதிப்பெண் சற்றுக் குறைந்தது, கெட்ட வார்த்தை கூடியது. இந்தியும் கணக்கும் அப்படியே இருந்தன.

வரலாறு கேட்பவர்களுக்கு: பழக்கம் பாகுபாட்டைக் குறைக்க என்னென்ன வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே நிபந்தனை போட்டுவிட்டார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை ஆண்டுக்கணக்கில் தெரிந்திருந்தும் நாம் மாறாததற்கு அந்த முதல் நிபந்தனையே போதும்.

ராவ் தொடர் ஓட்டப் பந்தயமும் நடத்தினார். பரிசு 50 ரூபாய் என்றால் வேகமான ஏழைச் சிறுவனை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் பணக்காரனைக் கூட்டாளியாக எடுத்தவர்கள் கணிசம். 500 ஆனதும் பெரும்பாலோர் காலைத்தான் பார்த்தார்கள். ஏழைத் தோழர்களோடு படித்தவர்களிடம் இந்தப் பாகுபாடு முதலிலேயே குறைவு.