இடி எப்போது இடிக்க வேண்டும்?

குழந்தைகளே! பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜா, மந்திரி, சேவகன் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும். கைதட்டலும் அவர்களுக்குத்தான் கிடைக்கும். ஆனால், ராஜா வாளை உருவிச் சபதம் செய்ததும் 'டமார்' என்று இடி இடிக்கிறதே, அதை இடிக்க வைப்பவர் யார்? மேடையின் ஓரத்தில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவர்தான்! அவர் இரண்டு விநாடி தாமதித்தால் போதும், ராஜாவின் பாடு திண்டாட்டம்.

'இந்த வசனம் முடிந்ததும் இடி', 'கதவு திறந்ததும் காற்று' என்று நாடகப் பிரதியின் ஓரத்தில் எழுதி வைப்பார்கள். இப்படிக் குறித்து வைத்த இடத்துக்கு நாடகக்காரர்கள் 'கியூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணினி பக்கத்திலேயே உட்காராமல், கையில் ஒரு சின்ன ரிமோட்டை வைத்துக்கொண்டே இந்த ஒலிகளை எழுப்ப முடியும். அது எப்படி வேலை செய்கிறது, ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போமா?

கூத்தில் ரிமோட் கிடையாது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கும் பிள்ளைகள் கூத்து பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் இரவெல்லாம் பாரதக் கூத்து நடக்கும். கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். தோளிலும் தலையிலும் மரக்கட்டையில் செய்த அணிகலன்களைக் கட்டிக்கொண்டு ஆடுவதால் அந்தப் பெயர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் ஒரு குருகுலம் நடத்தியது. 2002 முதல் 2020 வரை உங்கள் வயதுப் பிள்ளைகள் அங்கே தங்கி, பள்ளிப் பாடத்தோடு கூத்தையும் கற்றார்கள்.

அடுத்த முறை கூத்து பார்க்கும்போது துரியோதனனை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்குப் பின்னால் பாருங்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் என்று வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மிருதங்கம் வாசிப்பவரின் கண் எங்கே இருக்கிறது? ஆடுபவரின் காலில்! கால் தரையில் படும் அதே நொடியில் அடி விழும். துரியோதனன் திடீரென்று கூட ஒரு சுற்று சுற்றினாலும், வாத்தியமும் கூடவே ஒரு சுற்று சுற்றும். பார்க்கும் கண்ணும் ஒலி எழுப்பும் கையும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விஷயமே இதுதான்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஒலி நாடாவுக்குப் பதில் கணினியில் இடிச் சத்தம் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால், மைக் செட்காரர் தன் மேசையைப் பந்தலுக்கு வெளியே, சுவருக்குப் பின்னால் போட்டுவிட்டார். கணினியும் அங்கேதான். அதை இயக்கிய எட்டாம் வகுப்புப் பையனுக்கு மேடையே தெரியவில்லை! மேடை ஓரத்தில் ஒரு பையன் கைக்குட்டையை ஆட்டுவான். அதைப் பார்த்துச் சன்னலோரம் நிற்கும் இன்னொரு பையன் கையைத் தூக்குவான். பிறகு இவன் விசையைத் தட்ட வேண்டும். என்ன ஆகும்? ராஜா "வானமே சாட்சி!" என்று கையை உயர்த்தினார். வானம் வாயைத் திறக்கவில்லை. கையை இறக்கினார், மறுபடி உயர்த்தினார், ஒன்றும் இல்லை. பிறகு ராணி வந்து, "ஆகா, என்ன அமைதியான இரவு!" என்றாரோ இல்லையோ, 'டமார்!' பந்தலே சிரித்தது. அந்தப் பையன் மட்டும் அழுதுவிட்டான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. மேசை போட்ட இடம்தான் தப்பு.

தொழிற்சாலையில் நடக்கும் அதே கதை

இதே சிக்கல் தொழிற்சாலைகளிலும் உண்டு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஆலைகள் வரிசையாக வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகள் தயாராயின. 2007ல் சாம்சங் தொலைக்காட்சி ஆலையும் டெல் கணினி ஆலையும் அங்கே வந்தன. உங்களில் பலரின் அப்பாவோ அம்மாவோ இந்தப் பக்கத்து ஆலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருபவராக இருக்கலாம்.

பெரிய ஆலைகளில் கூரையை ஒட்டிப் பாலம் போல ஓடும் கிரேன் இருக்கும். டன் கணக்கில் எடையுள்ள இரும்பு அச்சுகளை அதுதான் தூக்கும். முன்பெல்லாம் அதை ஓட்டுபவர் மேலே ஒரு கூண்டில் உட்கார்ந்திருப்பார். சுமை கீழே, கீழே நிற்பவர் கையால் சைகை காட்ட வேண்டும். சைகை தவறினால் சிரிப்பு வராது, உயிரே போகும். இப்போது பல இடங்களில் ஓட்டுபவர் கீழேயே சுமையோடு நடந்து வருகிறார். இடுப்பு வாரிலோ கையிலோ ரேடியோ ரிமோட். எதைத் தூக்குகிறோம், யார் குறுக்கே வருகிறார்கள் என்று தானே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார். கூத்து மிருதங்கக்காரரைப் போலவேதான், பார்த்தீர்களா? கண் இருக்கும் இடத்துக்குப் பொத்தானைக் கொண்டு வந்துவிட்டார்கள்.

நாடக ஒலிக்கும் ரிமோட் செய்வது இதைத்தான். கணினி மைக் செட் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். பொத்தான், மேடை நன்றாகத் தெரியும் இடத்தில் நிற்பவரின் கையில் இருக்கும்.

கொல்கத்தாவில் அடித்த மணி

கம்பியே இல்லாமல் தூரத்தில் ஒலி எழுப்புவது நேற்று வந்த வித்தை அல்ல. 1895ஆம் ஆண்டுவாக்கில் ஜகதீஷ் சந்திர போஸ் கொல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னால் ஒரு சோதனை செய்து காட்டினார். அவர் அனுப்பிய கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைகள் சுவர்களைக் கடந்து போய், தூரத்தில் இருந்த மணியை அடித்தன. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தன! ரிமோட்டால் எழுப்பிய ஒலி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். 1898ல் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லா ஒரு பொம்மைப் படகை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார்.

தொலைக்காட்சி ரிமோட்டின் கதை இன்னும் வேடிக்கை. 1955ல் அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் டார்ச் விளக்கு போன்ற ரிமோட் ஒன்றை விற்றது. தொலைக்காட்சிப் பெட்டியின் மூலையில் வெளிச்சம் அடித்தால் சேனல் மாறும். ஆனால், சன்னல் வழியாக வெயில் அடித்தாலும் மாறிவிடும்! அடுத்த ஆண்டே வேறொன்று வந்தது. அதற்குப் பேட்டரி கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியத் தண்டில் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஒலியைக் கேட்டுப் பெட்டி வேலை செய்யும்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டி.வி. ரிமோட் அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. விநாடிக்குச் சுமார் 38,000 முறை மின்னும் வெளிச்சம் அது. கண்ணுக்குத் தெரியாது. நம்பிக்கை இல்லையா? கைப்பேசிக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதன் முன் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிச்சம் மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள்.

அகச்சிவப்பு வெளிச்சம் என்பதால் குறுக்கே ஓர் ஆள் நின்றால் போச்சு. நாடகத்தில் குறுக்கே ஆள் நிற்காமல் இருப்பார்களா? ஆகவே நமக்கு வேண்டியது ரேடியோ ரிமோட். கூட்டங்களில் பேசுபவர்கள் திரையில் படம் மாற்றக் கையில் ஒன்று வைத்திருப்பார்களே, 'பிரசன்டர்' என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், அதுவே போதும். அதோடு விரல் நகம் அளவில் ஒரு குட்டித் துண்டு வரும். அதைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். கணினி அதை ஒரு விசைப்பலகை என்று நம்பிவிடும்! நீங்கள் ரிமோட்டை அழுத்தினால், யாரோ 'அடுத்த பக்கம்' விசையைத் தட்டியதாக நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதனால் பக்கத்து மண்டபத்து ரிமோட் உங்கள் இடியை இடிக்காது.

செய்து பார்ப்போமா?

பெரிய நாடக அரங்குகளில் இதற்கென்றே தனி மென்பொருள் வைத்திருக்கிறார்கள். மேக் கணினிகளில் ஓடும் கியூலேப் அதில் பெயர் பெற்றது. ஒலிகளை வரிசையாக அடுக்கிவிட்டு இடைவெளி விசையைத் தட்டினால், ஒன்றன் பின் ஒன்றாக ஒலிக்கும். கைப்பேசியில் இருந்து வைஃபை வழியாகவும் அதற்குக் கட்டளை அனுப்பலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம். பள்ளியில் இருக்கும் கணினியோ, 2011ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் உங்கள் அண்ணன், அக்கா வாங்கிய மடிக்கணினியோ போதும்.

படம் காட்டும் ஸ்லைடு மென்பொருளைத் திறந்துகொள்ளுங்கள். முதல் ஸ்லைடை வெறுமையாக விடுங்கள். இரண்டாவதில் இடிச் சத்தத்தைச் சேர்த்து, ஸ்லைடு வந்ததும் தானாக ஒலிக்கும்படி அமையுங்கள். மூன்றாவது மறுபடி வெறுமை. நான்காவதில் மழை. இப்படியே போகட்டும். வெறுமை எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒலியை நிறுத்தத்தான்! மழை ஓய வேண்டும் என்றால் அடுத்த வெறும் ஸ்லைடுக்குத் தாவினால் போதும். தொடங்கத் தெரிந்தவருக்கு நிறுத்தவும் வழி தெரிய வேண்டும். கிரேன் ரிமோட்டில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும், எல்லாவற்றையும் நிறுத்த. ரேடியோ தொடர்பு அறுந்தாலும் கிரேன் தானே நின்றுவிடும்படி செய்திருப்பார்கள். நம் ஸ்லைடு அப்படி நிற்காது. மழை பெய்துகொண்டே இருக்கும். வெறும் ஸ்லைடில் பெரிய எழுத்தில் 'அடுத்து: மழை' என்று எழுதி வையுங்கள், கணினி பக்கத்தில் இருக்கும் தோழருக்கு உதவும்.

இடிச் சத்தத்தை எங்கிருந்தாவது இறக்கி எடுத்தால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பல ஒலிக் கோப்புகளின் தொடக்கத்தில் அரை விநாடி மௌனம் இருக்கும். அதை வெட்டி எறியாவிட்டால் நீங்கள் சரியாக அழுத்தினாலும் இடி தாமதமாகத்தான் வரும். ப்ளூடூத் ஒலிபெருக்கியும் வேண்டாம். அதுவும் சற்றுத் தாமதிக்கும். கம்பியில் இணையுங்கள். குதிரைக் குளம்பொலிக்கு மட்டும் கணினியே வேண்டாம் என்பேன். இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் வரும் ஒலிக்கு ஈடே இல்லை!

ஒத்திகையில் ஒழுங்காக வேலை செய்த ரிமோட், விழா அன்று சண்டித்தனம் செய்வது உண்டு. காரணம் பேய் இல்லை, கூட்டம்! இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் விநாடிக்கு 240 கோடி முறை அதிரும் ரேடியோ அலையைப் பயன்படுத்துகின்றன. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். காலி மண்டபத்தில் 15 மீட்டர் எட்டிய ரிமோட், ஐந்நூறு பேர் உட்கார்ந்ததும் பாதித் தூரம்கூட எட்டாமல் போகலாம். போதாக்குறைக்கு வைஃபையும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும். எனவே கணினியை உயரமான மேசையில் வைத்து, நீங்கள் மேடையின் பக்கவாட்டில், இடையில் கூட்டம் இல்லாத இடத்தில் நில்லுங்கள். யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்று இருந்தால் அந்தக் குட்டித் துண்டை உங்கள் பக்கமாக நகர்த்தி வைக்கலாம்.

விரல் பதற்றத்தில் இரண்டு முறை அழுந்திவிட்டால்? முதல் ஸ்லைடில் இருந்து மூன்றாவதுக்குத் தாவி, இடியே காணாமல் போகும். கியூலேப் போன்ற மென்பொருளில், உடனே வரும் இரண்டாவது அழுத்தத்தை ஏற்க வேண்டாம் என்று சொல்லி வைக்க வசதி இருக்கிறது. நம் ஸ்லைடுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆகவே, அழுத்தியதும் விரலைப் பொத்தானை விட்டு எடுத்துவிடப் பழகுங்கள். அடுத்த கியூவுக்கு இரண்டு வசனம் முன்னால் திரும்ப விரலை வைத்தால் போதும்.

"ராஜாவே ரிமோட்டைக் கைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டால் என்ன சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி! மந்திரவாதி வேடம் என்றால், கோலுக்குள் ஒளித்து ஒரே ஒரு முறை அழுத்தலாம், பிரமாதமாக இருக்கும். மற்றபடி வசனத்தையும் வாளையும் பார்ப்பதற்கே ராஜாவுக்கு நேரம் போதாது. ரிமோட்டை வைத்திருப்பவருக்கு வேறு வேலை எதுவும் தரக்கூடாது. அவருக்கு எல்லோருடைய வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நாடகம் முடிந்து கைதட்டும்போது அவரையும் மேடைக்குக் கூப்பிடச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். இன்னொன்று: பட்டாசு, நெருப்பு, கனமான பொருள் எதையும் ரிமோட்டோடு இணைக்க நினைக்கவே வேண்டாம். ஒலி மட்டும்தான்.

விழா அன்று கணினி தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் அசோகவனத்தில் சீதை அழும்போது 'டிங்' என்று யாருக்கோ செய்தி வந்து விழும். கணினி பக்கத்தில் ஒரு தோழர் இருக்கட்டும். ரிமோட் மக்கர் செய்தால் நீங்கள் இடது கையைத் தூக்குவீர்கள், அவர் விசையைத் தட்டுவார் என்று முன்பே பேசிவைத்து, அதையும் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். ரிமோட்டில் புதுப் பேட்டரி போடுங்கள். கழற்றிய பழைய பேட்டரியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் அதையே மறுபடி மாட்டிவிடுவீர்கள்!