கதவுச் சந்தில் சீட்டுக்கட்டு

"சித்தப்பா, இந்தக் காரைச் செஞ்சவங்களுக்கு அளவே தெரியாதா? கதவைச் சுத்தி இவ்ளோ சந்து விட்டிருக்காங்க!"

ஆறாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. இரண்டு கதவு வண்டி. அக்கக்காகக் கழற்றி, துரு எடுத்து, மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறோம். விடுமுறை நாட்களில் அவள்தான் எனக்கு உதவியாளர்.

முதலில் இந்தக் காரின் ஊர் பேர் தெரிந்துகொள்வோம். 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கலொட்டி என்ற இத்தாலியர். 1960களில் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரானது. இதன் அடியில் சேசிஸ் என்ற இரும்பு அடிச்சட்டம் இருக்கும். மேலே இருக்கும் உடம்பு ஒரே துண்டு அல்ல. முன்பகுதி, பின்பகுதி, கூரை என்று தனித்தனித் துண்டுகளை வெவ்வேறு ஆலைகளில் தகட்டை அழுத்திச் செய்து, கடைசியில் போல்ட் போட்டு இணைத்தார்கள். பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாயைப் பிளப்பதுபோல முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும்.

துண்டு துண்டாகக் கழற்றலாம் என்பதால் வீட்டிலேயே பழுது பார்க்க வசதி. ஆனால் திரும்பப் பூட்டும்போது எல்லாச் சந்தும் ஒரே சீராக வர வேண்டும். அங்கேதான் பாடு!

சந்து எதற்கு?

சந்தே இல்லாமல் கதவு செய்தால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் நீள இரும்புத் தகடு, வெப்பநிலை 40 டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். இரவுக் குளிரில் இருந்த கார் மே மாத வெயிலில் நின்றால் அவ்வளவு சூடு ஏறிவிடும். மேடு பள்ளத்தில் ஓடும்போது சேசிஸும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கீலில் சுழலும் கதவின் விளிம்பு வட்டப்பாதையில் நகர்வதால் அதற்கும் இடம் வேண்டும். சந்து இல்லையென்றால் தகடும் தகடும் உரசி, பெயிண்ட் பெயர்ந்து, அங்கிருந்து துரு பிடிக்கத் தொடங்கும். ஆகவே சந்து தெரிந்தே விட்ட இடம்.

"சரி சித்தப்பா, அப்போ சந்து பெருசா இருந்தாலும் பரவாயில்லையா?"

கொஞ்சம் பெரிதாக இருந்தால் கண் மன்னித்துவிடும். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று கோணலாக இருந்தால் மன்னிக்காது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கோடுகள் விலகியிருப்பதைக் கண்டுபிடிப்பதில் நம் கண் மகா கெட்டிக்காரன். விழித்திரையில் உள்ள ஓர் ஒளியுணர் செல்லின் அகலத்தைவிடச் சின்ன விலகலைக்கூட அது பிடித்துவிடும். பல செல்கள் தரும் செய்தியை மூளை சேர்த்துப் பார்த்துக் கணக்கிடுவதால் இது முடிகிறது. 1631இல் பிரான்ஸ் நாட்டின் பியர் வெர்னியர் அறிமுகப்படுத்திய வெர்னியர் அளவுகோலை நாம் படிப்பதும் கண்ணின் இந்தத் திறமையால்தான். கோடும் கோடும் நேருக்கு நேர் நிற்கிற இடத்தைக் கண் சட்டென்று காட்டிவிடுகிறது.

சீட்டால் அளந்தோம்

கண் "கோணல்" என்று சொல்லும். எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லாது. அதற்கு ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்தோம். ஒரு சீட்டின் தடிமனை அளவுகோலால் அளக்க முடியாது. 52 சீட்டையும் அடுக்கி அளந்தோம்: ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். 52ஆல் வகுத்தால் ஒரு சீட்டு 0.3 மில்லிமீட்டர். இப்போது சந்துக்குள் சீட்டுகளைச் செருகி எண்ண வேண்டியதுதான்.

கதவின் பின்விளிம்பில், கைப்பிடிப் பக்கம், கீழே 17 சீட்டு நுழைந்தது. மேலே 7 சீட்டுதான். பத்துச் சீட்டு வித்தியாசம், அதாவது 3 மில்லிமீட்டர். சந்து தலைகீழாக்கிய வி எழுத்துபோல மேலே குறுகிப் போயிருந்தது.

"கதவு தொங்கிடுச்சு. கீலை மேல தூக்கிக் கட்டுங்க" என்றாள்.

நல்ல ஊகம்தான். ஆனால் சோதிக்காமல் ஊகத்தை நம்பக்கூடாது. கதவைத் திறந்து, கைப்பிடிப் பக்கத்தை மெல்ல மேலே தூக்கிப் பார்த்தோம். கீலின் ஊசி தேய்ந்திருந்தால் கதவு கடகடவென்று ஆடும். கீல்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்து, அங்கே ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மறுமுனை 3 மில்லிமீட்டருக்கு மேல் தொங்கிவிடும். நெம்புகோல் சின்ன அசைவைப் பெரிதாக்குவது போலத்தான். எங்கள் கதவோ துளிகூட ஆடவில்லை. கதவின் மேல்விளிம்பும் மட்டமாகவே இருந்தது.

அப்படியானால் கோணல் கதவில் இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்கும் தூண்தான் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது!

கீழே குனிந்து பார்த்தோம்

தூண் காரின் பின்பகுதியோடு சேர்ந்தது. பின்பகுதி சேசிஸின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது திருடன் அகப்பட்டான். பின்பகுதியின் முன்முனையில், சேசிஸுக்கும் உடம்புக்கும் நடுவே வைத்திருந்த அட்டைத்துண்டு நைந்து நசுங்கி, 5 மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

இப்போது ஒரு கணக்கு. பின்பகுதியைத் தாங்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே ஒரு மீட்டர். முன்முனை 5 மில்லிமீட்டர் இறங்கினால், 60 சென்டிமீட்டர் உயரத்தில் தூண் எவ்வளவு சாயும்? 100க்கு 5 என்றால் 60க்கு 3. சீட்டு சொன்ன அதே 3 மில்லிமீட்டர்! பள்ளிக்கூடத்தில் படிக்கிற வடிவொத்த முக்கோணம் எங்கள் கொட்டகையில் வந்து சாட்சி சொன்னது.

போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியால் மெல்லத் தூக்கி, 5 மில்லிமீட்டருக்குப் புதிய துண்டுகளைச் செருகினோம். இப்படிச் செருகும் மெல்லிய தகட்டுக்கு ஷிம் என்று பெயர். யு வடிவில் வெட்டியிருப்பதால் போல்ட்டை முழுவதும் கழற்றாமலே நுழைக்கலாம். போல்ட் ஓட்டைகளும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். பாகத்தை அப்படி இப்படி நகர்த்தத்தான் அந்த இடம். எல்லா போல்ட்டையும் விரலால் திருகி நிறுத்திவிட்டு, சந்து சரியான பிறகே ஸ்பேனரால் இறுக்கினோம்.

மறுபடி சீட்டைச் செருகினாள். மேலே 16. கீழே 17.

வரிசை முக்கியம்

கீலைத் தூக்கிக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதவைக் கோணல் தூணுக்கு ஏற்பக் கோணலாக்கியிருப்போம். அப்புறம் கதவின் முன்விளிம்பு பானட்டோடு ஒத்துப் போகாது. பானட்டையும் கோணலாக்க வேண்டும். ஒரு பொய்யை மறைக்கப் பல பொய் சொல்வது மாதிரிதான்!

அதனால்தான் வேலை அடியிலிருந்து தொடங்குகிறது. முதலில் சேசிஸ் மட்டமா என்று ரசமட்டத்தாலும், கோணாமல் இருக்கிறதா என்று மூலைவிட்டங்களை அளந்தும் பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் சேசிஸ் கோணவில்லை. பிறகு அசையாத உடல்பகுதிகள், பிறகு கதவுகள், கடைசியில் பானட். இவ்வளவும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே முடிய வேண்டும். கதவைச் சுற்றி வரும் புது ரப்பரையும் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். தடித்த ரப்பர் கதவை வெளியே தள்ளிவிடும்.

நீங்களும் செய்யுங்கள்

உங்கள் வீட்டில் சரியாக மூடாத பீரோக் கதவோ, உரசும் அறைக் கதவோ இருக்கிறதா? சீட்டுக்கட்டை அளந்து, ஒரு சீட்டின் தடிமனைக் கண்டுபிடியுங்கள். கதவின் நான்கு மூலைகளிலும் எத்தனை சீட்டு நுழைகிறது என்று ஒரு படம் வரைந்து குறியுங்கள். பிறகு பீரோவின் கால்களைப் பாருங்கள். ஒரு கால் பள்ளத்தில் நின்றால், அதன் அடியில் அட்டையை மடித்து வைக்கப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். கனமான பீரோவை நீங்களாகத் தூக்கக் கூடாது. அட்டை வைத்த பிறகு மறுபடி சீட்டை எண்ணுங்கள். கதவைத் தொடாமலே கதவு சரியாகியிருந்தால், எத்தனை சீட்டு மாறியது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.